இரண்டு கடலும் ஒரு ரப்பர் பட்டையும்

துபாயிலிருந்து கிளம்பினால் ஒன்றரை மணி நேரத்தில் ஃபுஜைரா வந்துவிடும். நடுவில் ஹஜர் மலைத்தொடர் நிற்கிறது. மலைக்கு மேற்கே உள்ள கடலை அமீரகத்தில் அரபு வளைகுடா என்பார்கள். உலக வரைபடங்களில் பெரும்பாலும் அது பாரசீக வளைகுடா. கிழக்கே இருப்பது ஓமான் வளைகுடா. ஹோர்முஸ் நீரிணை வழியாக இரண்டும் கலக்கின்றன. ஆனாலும் மூச்சை அடக்கிக்கொண்டு ஈட்டியோடு இறங்குகிறவருக்கு இவை தனித்தனிக் கடல்கள்.

மேற்குக் கடல் ஆழமில்லாதது, சராசரி 35 மீட்டர் அளவுதான். வெயில் உறிஞ்சும் நீருக்கு வந்து சேரும் ஆற்று நீர் ஈடாவதில்லை. அதனால் ஒரு கிலோ கடல்நீரில் உப்பு 40 கிராமைத் தாண்டிவிடுகிறது. ஆகஸ்டில் மேல்நீரின் வெப்பம் 34, 35 டிகிரிக்கு ஏறும். ஷமால் என்ற வடமேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் வீசினால் அடிமணல் கிளம்பி, மூன்று நான்கு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாது. கிழக்குக் கரையோ சீக்கிரமே ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்தியப் பெருங்கடல் நீர் வந்து போகும் இடம் என்பதால் அங்கே உப்பு குறைவு, தெளிவு பெரும்பாலான நாட்களில் அதிகம். வடக்கே ஓமானுக்குச் சொந்தமான முசந்தம் முனையின் செங்குத்துச் சரிவுகளை ஒட்டி வஞ்சிரமும் கட்டாவும் திரியும்.

கடைக்கு வரும் நம் ஊர்ப் பையன், "அண்ணே, இருக்கறதுலயே பவரான கன் எது?" என்று கேட்பான். கடைக்காரர் விவரம் தெரிந்தவராக இருந்தால், "எந்தப் பக்கம் இறங்கப் போறே தம்பி?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் இயற்பியலைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ரப்பரால் இயங்கும் ஸ்பியர்கன்னில் ஒளிந்திருக்கும் பாகம் எதுவும் இல்லை. ஒரு குழல், ஒரு பிடி, ஒரு விசை, ஒரு எஃகு ஈட்டி, அதை இழுத்துப் பிடிக்கும் ரப்பர் பட்டை, அவ்வளவுதான். நம் கிராமத்து உண்டிவில்லைத் தண்ணீருக்குள் இறக்கினால் கிடைப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஆனால் தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. அந்த ஒரு காரணத்தால், காற்றில் பழகிய நம் கைக்கணக்கு எல்லாமே இங்கே மாறிவிடுகிறது.

மூச்சடக்கி மூழ்குவது இந்தக் கரைக்குப் பழைய வித்தை. எண்ணெய் வருவதற்கு முன் வளைகுடாவின் வருமானமே முத்துச் சிப்பிதான். மூக்கில் ஃபிதாம் என்ற கவ்வியை மாட்டிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலங்களில் அரபு மூழ்காளர்கள் கப்பலேறி இலங்கைக் கரைக்கு வந்து, நம் தமிழ் மூழ்காளர்களோடு அதே முத்துப் பார்களில் இறங்கியதும் உண்டு. இன்று துபாயில் ஹம்தான் பின் முகமது பாரம்பரிய மையம் நடத்தும் ஃபஸ்ஸா போட்டிகளில் மூச்சடக்கி மூழ்குதலும் ஈட்டி மீன்பிடிப்பும் இடம்பெறுகின்றன. ரப்பர் ஸ்பியர்கன் மட்டும் இந்த மரபுக்கு வெளியிலிருந்து வந்தது. அது மத்தியதரைக் கடல் கரையில் பிறந்தது. மார்செய் நகரின் ஜார்ஜ் பூஷா 1947-இல் டார்சான் என்ற பெயரில் ரப்பர் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஃகுச் சுருள் வைத்த துப்பாக்கிகளும் அந்தக் காலத்தில் இருந்தன. சுருள் துருப்பிடித்தது, சத்தம் போட்டது. ரப்பர் நிலைத்துவிட்டது.

ஏன் ரப்பர்? ஒரு சாதாரண ரப்பர் பேண்டை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டு சட்டென்று இழுத்துப் பாருங்கள். லேசாகச் சூடாகும். அப்படியே சில நொடி பிடித்திருந்து சட்டென்று தளர்த்தினால் குளிரும். பார்வையற்றவரான ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர் இதை 1805-இல் பதிவு செய்தார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஜூல் அளந்து உறுதிப்படுத்தினார். எஃகுச் சுருளை இழுத்தால் அணுக்களுக்கு இடையேயுள்ள பிணைப்புகள் வளைகின்றன. ரப்பரில் நடப்பது வேறு. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் சிரட்டையில் சொட்டும் பாலில் இருப்பது நீண்ட, நெளிந்த சங்கிலி மூலக்கூறுகள். தாறுமாறாகச் சுருண்டு கிடப்பதே அவற்றின் இயல்பு. இழுக்கும்போது எல்லாம் ஒரே திசையில் நீள்கின்றன, ஒழுங்கு கூடுகிறது. விட்டதும் பழையபடி குழம்பிப்போக முட்டிமோதுகின்றன. ஈட்டியைத் தள்ளுவது அந்த வெப்ப அலைச்சல்தான். ஆகவே ரப்பரின் இழுவிசை கெல்வின் வெப்பநிலையோடு ஏறுகிறது. குளிர்கால வளைகுடா நீர் 20 டிகிரி, கோடையில் 34 டிகிரி என்றால், கெல்வினில் 293-க்கும் 307-க்கும் உள்ள வித்தியாசம். கணக்குப்படி அதே பட்டை கோடையில் ஏறத்தாழ ஐந்து சதவீதம் பலமாக இழுக்க வேண்டும்.

அந்த ஐந்து சதவீத லாபத்தை அதே வெப்பம் வேறு வழியில் பறித்துக்கொள்கிறது. ரப்பர் சங்கிலியில் ஆங்காங்கே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. ஆக்சிஜனும் ஓசோனும் புற ஊதாக் கதிரும் அங்கேதான் வெட்டுகின்றன. பட்டை இழுபட்ட நிலையில் இருந்தால் ஓசோன் வெட்டு விரிசலாகத் திறந்துகொள்ளும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் இப்படிப்பட்ட வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலாளர்கள் வைத்திருக்கும் தோராய விதி. ஜூலை மாதம் வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் கிடக்கும் பட்டைக்கு என்ன நேரும் என்பதை அந்த விதியை வைத்தே ஊகிக்கலாம். பழைய ஸ்பியர்கன் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பட்டையைத்தான். ஈட்டியின் பள்ளத்தில் மாட்டும் கயிறு அல்லது கம்பிக் கொக்கி, பட்டையின் முனையில் முடிச்சிட்டு இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மடக்கிப் பாருங்கள். தோலில் வரும் சுருக்கம்போல நுண்ணிய குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அந்தப் பட்டை முடிந்துவிட்டது. பட்டை மலிவான பாகம். அதை வைத்துக் கன்னையே நிராகரிக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏற்றி வைத்த பட்டை சும்மா இருப்பதில்லை. இழுபட்ட சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி, நிமிடத்துக்கு நிமிடம் கொஞ்சம் தளர்கின்றன. ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் மீனுக்காகக் காத்திருந்து சுட்டால், ஏற்றியவுடன் சுட்ட அடியின் வேகம் இருக்காது. புதுப் பட்டையின் வேகத்தைப் பற்றிக் கடையில் சொல்வதெல்லாம் ஏற்றியவுடன் சுட்டுப் பார்த்த வேகம். கடலில் அப்படிச் சுடும் வாய்ப்பு அபூர்வம்.

இப்போது பவருக்கு வருவோம். 110 சென்டிமீட்டர் கன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈட்டி 7 மில்லிமீட்டர் தடிமன், 140 சென்டிமீட்டர் நீளம். எஃகின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால் எடை 420 கிராம் வரும். 16 மில்லிமீட்டர் பட்டை ஒன்றைத் தன் நீளத்தைப்போல மூன்றரை மடங்கு இழுத்து மாட்டுகிறோம். தோராயமாக 50 கிலோ எடையைத் தூக்கும் விசை அது. அதில் சேரும் ஆற்றல் 200 ஜூல் அளவு. அத்தனையும் ஈட்டிக்குப் போவதில்லை. பட்டையே தன் உடம்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டும், நீரைத் தள்ள வேண்டும், உள்ளுக்குள் உராய்ந்து கொஞ்சம் சூடாக வேண்டும். பாதிக்கும் குறைவாகத்தான் ஈட்டிக்குக் கிடைக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பட்டை போட்டால்? ஆற்றல் இரட்டிப்பு. ஆனால் வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைத்தான் பின்பற்றும். நொடிக்கு 20 மீட்டர் 28 ஆகும், 40 ஆகாது. தண்ணீரின் இழுவையோ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அது முழுதாக இரட்டிப்பாகிவிடுகிறது. குழலை விட்டு வெளியேறிய கணமே அந்த வேகத்தைத் தண்ணீர் தின்னத் தொடங்கும். ஈட்டியைக் கன்னோடு கட்டி, பின்னால் இழுபடும் நரம்பும் சேர்ந்து தடுக்கும். உதையும் 1.4 மடங்கு கூடும். ஏற்றும் உழைப்பும் இரட்டிப்பு. இத்தனைக்கும் பிறகு கையில் கிடைக்கும் லாபம் 40 சதவீத வேகம், அதுவும் முதல் ஓரிரு மீட்டருக்கு.

பிறகு இரண்டு மூன்று பட்டை போட்ட கன் எதற்கு? ஈட்டி கனமாக இருந்தால் அது தேவைப்படும். 6.5 மில்லிமீட்டர் ஈட்டி வேகமாகக் கிளம்பி வேகமாகக் களைத்துவிடும். 7.5 மில்லிமீட்டர் ஈட்டி மெதுவாகக் கிளம்பினாலும் நிறையை நம்பி தூரம் போகும், பெரிய மீனின் தடித்த தோலில் நுழையும். அதைக் கிளப்ப ஒற்றைப் பட்டை போதாது. ஆகவே பட்டையையும் ஈட்டியையும் ஒரு ஜோடியாக எடைபோட வேண்டும். மெல்லிய ஈட்டிக்கு மூன்று பட்டை போட்டால் ஈட்டி குழலிலேயே வில்லாக வளைந்து, அலைந்துகொண்டே வெளியேறும். விளம்பரப் படங்களில் இப்படிப்பட்ட பொருந்தாத ஜோடிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். பவர் தெரிய வேண்டும் என்ற ஆசையில் குறியைப் பறிகொடுத்த கருவிகள் அவை.

நீளத்தில் நடக்கும் தவறு இதைவிடப் பெரியது. நீண்ட கன்னில் பட்டை அதிக தூரம் தள்ளும், குறி பார்க்கவும் நீண்ட கோடு கிடைக்கும், உண்மைதான். ஆனால் மீன் நேராக எதிரே வந்து நிற்பதில்லை. பக்கவாட்டில் போகும், நாம் கன்னைத் திருப்ப வேண்டும். நீருக்குள் ஒரு கோலின் ஒரு முனையைப் பிடித்துச் சுழற்றினால், கையில் உணரும் எதிர்ப்பு நீளத்தின் நான்காம் அடுக்கோடு ஏறுகிறது. முனைக்குப் போகப்போக வேகம் கூடுவதும், இழுவை அந்த வேகத்தின் வர்க்கமாவதும், நெம்புகோல் தூரம் கூடுவதும் சேர்ந்த விளைவு இது. 90 சென்டிமீட்டரை 120 ஆக்கினால் நீளம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, திருப்பும் உழைப்போ மூன்று மடங்கைத் தாண்டுகிறது. கலங்கலான மேற்குக் கரையில், ஒரு பாறை இடுக்கிலிருந்து அடுத்ததற்குள் களவா நழுவும் அரை நொடியில் 120-ஐத் திருப்பி முடிப்பதற்குள் அது போய்விட்டிருக்கும். அங்கே 75 அல்லது 90 போதும். குகைக்குள் நுழைகிறவர் அதைவிடக் குட்டையான கன்கூட வைத்திருப்பார். கிழக்குக் கரையில் திப்பா, கோர்ஃபக்கான் பக்கத்துப் பாறைகளுக்கு 90 முதல் 110 வரை. முசந்தம் சரிவில் நீலத் தண்ணீரில் வஞ்சிரத்துக்காக மிதப்பவருக்குத்தான் 120-ம் 130-ம் பொருள் தரும். அங்கே மீன் பெரிது, தூரம் அதிகம், இடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

தூரத்தைப் பற்றிச் சொல்லும்போது கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முகமூடிக் கண்ணாடிக்கு வெளியே தண்ணீர், உள்ளே காற்று. ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது விலகுவதால், நான்கு மீட்டரில் உள்ள மீன் மூன்று மீட்டரில் இருப்பதுபோலத் தோன்றும். புதியவர்கள் எட்டாத மீனைச் சுட்டுவிட்டு கன்னைக் குறை சொல்வதற்கு இது பெரும்பாலும் காரணமாகிறது. கண் காட்டும் தூரத்தோடு மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்துக்கொள்ளப் பழகிய பிறகுதான் ஒருவர் தன் கன்னின் எட்டும் தூரத்தைப் பற்றிப் பேச முடியும்.

எட்டினால் மட்டும் போதுமா? நான்கு மீட்டரில் இருக்கும் மீனைச் சுடுகிறோம். விசை விடுபடும் 'டக்' சத்தமும் பட்டை குழலில் அறையும் சத்தமும் நீரில் நொடிக்கு 1,500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடி, மூன்று மில்லிநொடிக்குள் மீனை எட்டிவிடும். ஈட்டி அங்கே போய்ச் சேர ஐந்தில் ஒரு பங்கு நொடி ஆகும். மீனின் பின்மூளையில் மௌத்னர் செல் என்ற ஒரு ஜோடி ராட்சத நரம்பணுக்கள் இருக்கின்றன. உள்காதில் அதிர்ச்சி விழுந்ததும் அதில் ஒன்று ஒரே ஒரு முறை சுடும். உடனே உடம்பின் ஒரு பக்கத் தசைகள் முழுவதும் சுருங்கி, மீன் ஆங்கில எழுத்து 'சி' போல வளைந்து பாயும். சத்தத்துக்கும் இந்த வளைவுக்கும் இடையே நூறில் ஒரு பங்கு நொடி அளவுதான். அதாவது ஈட்டி பாதி வழியில் இருக்கும்போதே மீன் முடிவெடுத்து நகரத் தொடங்கியிருக்கும். கன்னின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் ஒலியை முந்த முடியாது. இரண்டு மீட்டருக்கு நெருங்கினால் ஈட்டியின் பயண நேரம் பாதிக்கும் கீழே குறைகிறது, ஏனென்றால் அந்த முதல் இரண்டு மீட்டரில்தான் ஈட்டி முழு வேகத்தோடு இருக்கிறது. பொறுமையாகத் தரையோடு படுத்து, மீனே ஆர்வத்தோடு அருகில் வரும்வரை காத்திருக்கும் வேட்டைக்காரர் ஒற்றைப் பட்டையோடு சாதிப்பதை, துரத்திப் போகிறவர் மூன்று பட்டையோடும் சாதிக்க முடிவதில்லை. சத்தமில்லாத கன் என்பது இதனால் அலங்காரப் பேச்சாக இல்லாமல் உண்மையான தகுதியாகிறது. விசையின் உள்ளே ஆடும் தளர்வான பாகங்களும், குழல் வழித்தடத்தில் தடதடக்கும் ஈட்டியும் உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

உதையைப் பற்றிச் சொன்னேன். 420 கிராம் ஈட்டி நொடிக்கு 28 மீட்டரில் முன்னே போனால், அதே உந்தம் கன்னின் மேலும் கையின் மேலும் பின்னே வரும். ஈட்டி குழலில் இருக்கும் நேரம் இருபதில் ஒரு பங்கு நொடிதான், ஆனால் கன் அசைவதற்கு அது போதும். பட்டையும் ஈட்டியும் குழலின் மேல்பக்கத்தில் இருக்க, கை கீழே பிடித்திருப்பதால் முனை மேலே எழும்பும். ஒரு டிகிரி எழும்பினால் நான்கு மீட்டரில் 7 சென்டிமீட்டர் பிசகும். மீனின் கண்ணுக்குச் சற்றுப் பின்னால் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் இடத்தில் அடித்தால் அது அந்தக் கணமே அடங்கிவிடும். அந்த இடம் நடுத்தரக் களவாவில் சில சென்டிமீட்டர் அகலம்தான். 7 சென்டிமீட்டர் தள்ளிப்போனால் அடி வேறு இடத்தில் விழும், மீன் பிய்த்துக்கொண்டு போய் எங்கோ பாறைக்கு அடியில் சாகும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பவரைவிடச் சமநிலையை மேலாக மதிக்கிறேன். கன் கனமாக இருந்தால் உதையை உறிஞ்சும். அதனால்தான் தேக்கு, மகாகனி மரக் கன்கள் இன்றும் பெரிய மீனுக்குப் போகிறவர்களிடம் செல்வாக்கோடு இருக்கின்றன. அலுமினியக் குழல் இலேசு, மலிவு. ஒற்றைப் பட்டைக்கு நன்றாக ஈடுகொடுக்கும். கார்பன் இழைக் குழல் வளையாது, விலை ஏறும். எதுவானாலும் ஈட்டி ஏற்றிய நிலையில் நீரில் விட்டால் முனை சட்டென்று கவிழவோ எழவோ கூடாது, சுட்ட பிறகு கன் மிதக்க வேண்டும். இதைக் கடையில் சோதிக்க முடியாது. வாங்கும் முன் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு நீச்சல் குளத்தில் ஈட்டியோடு, பட்டை ஏற்றாமல் விட்டுப் பாருங்கள்.

முனையில் உருளை வைத்து, பட்டையைக் குழலின் அடிவரை சுற்றிக் கொண்டுவரும் ரோலர் கன்களும் வளைகுடாக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. பட்டை குழலின் முழு நீளத்துக்கும் தள்ளும், உதையும் குறையும். குட்டையான கன்னில் நல்ல வேகம் வேண்டுமானால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் உருளைக்குள் மணல் போகும், பட்டை மாட்டும் முறை சிக்கல், ஏற்றுவதில் பிசகினால் விரல் போய்விடும். முதல் கன்னாக இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

கடையில் சோதிக்கக்கூடியவையும் உண்டு. ஈட்டியைக் கழற்றிக் கண்ணாடி மேசைமேல் உருட்டுங்கள். ஒளிக்கு எதிரே குனிந்து பார்த்தால், நேரான ஈட்டிக்கு அடியில் ஒரே சீரான கோடு ஓடும். வளைந்த ஈட்டி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இடைவெளி காட்டும், 'டக் டக்' என்று ஒலிக்கும். பிறகு ஈட்டியை விசைக்குள் தள்ளுங்கள். ஒரே ஒரு தெளிவான ஒலியோடு கவ்விக்கொள்ள வேண்டும். கையால் பலமாக முன்னே இழுத்து ஆட்டிப் பாருங்கள். இரண்டு பட்டை போட்டால் அந்த நகக்கண் அளவு எஃகுப் பல் 100 கிலோ விசையைத் தாங்கியாக வேண்டும். அதனால் விசையின் உள்பாகங்கள் துருப்பிடிக்காத எஃகாக இருப்பதே நல்லது, பிளாஸ்டிக் உறை வெளியே இருந்தால் போதும். பாதுகாப்புப் பூட்டு இருக்கிறதா என்று பலர் கேட்கிறார்கள். இருக்கட்டும், ஆனால் அதை நம்பக் கூடாது. கரையிலும் படகிலும் ஏற்றிய கன் இருக்கவே கூடாது. தண்ணீரில் இறங்கிய பிறகு ஏற்றி, ஏறுவதற்கு முன் இறக்கிவிட வேண்டும்.

துருப்பிடிக்காத எஃகு வளைகுடாவில் துருப்பிடிக்கும். குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய படலம்தான் அந்த எஃகைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைப் புள்ளிபுள்ளியாக ஓட்டை போடும், சூடும் உப்பும் கூடக் கூட இது வேகம் பிடிக்கும். இந்தக் கடலில் இரண்டுமே உச்சம். ஈட்டிகளுக்குப் பயன்படும் 17-4 வகை எஃகு கடினமானது, வளைந்தால் திரும்ப நிமிரும். ஆனால் அரிப்பைத் தாங்குவதில் 316 வகைக்கு ஒரு படி கீழேதான். ஈட்டியில் முள் பொருத்திய ஆணியடியும், அலுமினியக் குழலில் எஃகுத் திருகு நுழையும் இடமும்தான் முதலில் போகும். இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலமே உருவாகிவிடுகிறது, அதில் அலுமினியம் கரைகிறது. பழைய கன்னில் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருந்தால், குழல் உள்ளே எவ்வளவு தின்னப்பட்டிருக்கிறது என்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. அதை வாங்காதீர்கள்.

கன்னின் கடைசிச் சோதனை தண்ணீரில்தான். ஆள் இல்லாத ஆழம் குறைந்த மணற்பரப்பில், நுரைப்பலகை ஒன்றைக் கட்டி நிறுத்தி, ஈட்டி நுனியிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று சுடுங்கள். ஒரு முறை சுட்டு ஒன்றும் தெரியாது. திரும்பத் திரும்பச் சுட்டு, குத்துகள் எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். எல்லாம் ஒரே இடத்தில், ஆனால் குறிக்கு மேலே கூடினால் கன் நல்லது. உதை அதிகம், அதனால் பட்டையைக் கொஞ்சம் நீளமாக்கி இழுவையைக் குறைத்தால் குறி இறங்கிவரும். பலகை முழுக்கச் சிதறினால் ஈட்டி வளைந்திருக்கலாம், ஈட்டிக்குப் பட்டை அதிகமாக இருக்கலாம், அல்லது பிடிக்கும் கை தளர்ந்திருக்கலாம். பட்டையைக் குறைத்தும் சிதறல் அடங்கவில்லை என்றால் ஈட்டியை மாற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையை மாலையில், களைத்த பிறகும் ஒருமுறை செய்யுங்கள். களைப்பில் ஏற்ற முடியாத பட்டை உங்களுக்கான பட்டை இல்லை.

இதை வலியுறுத்த ஒரு காரணம் உண்டு. பட்டையை மார்பில் ஊன்றி 50 கிலோ விசையோடு இழுத்து ஏற்றும்போது தசைகள் ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன. அடுத்த மூழ்கலுக்கு அது குறைகிறது. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல மூன்று மடங்கு. அங்கே நுரையீரலில் ஆக்சிஜன் 4 சதவீதமாகக் குறைந்திருந்தாலும் அதன் பகுதி அழுத்தம் 0.12 பார் இருக்கும், மூளை விழித்திருக்கும். அதே மூச்சோடு மேலே வந்தால் அழுத்தம் குறையக் குறைய அது 0.04 ஆகிவிடும். மேற்பரப்புக்கு ஓரிரு மீட்டர் கீழே, எந்த அறிகுறியும் இல்லாமல் நினைவு போய்விடும். வலிக்காது, மூச்சுத் திணறாது, அதுதான் இதில் கொடுமை. தனியாக இறங்கியவரைக் காப்பாற்ற அப்போது யாரும் இருக்க மாட்டார்கள். ஒருவர் இறங்கும்போது இன்னொருவர் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இதற்கு மாற்று வழி எந்தக் கருவியிலும் இல்லை. கொடி கட்டிய மிதவையும் கட்டாயம், வேகப்படகுகள் கரையோரமே பாயும் கடல் இது.

கன்னை வாங்கும் முன்பே சட்டத்தைக் கேட்டுவிடுங்கள். அமீரகத்தில் கடல் உயிர் வளங்களுக்கு 1999-ஆம் ஆண்டின் 23-ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அதன்மேல் அனுமதி முறைகள் எமிரேட்டுக்கு எமிரேட் வேறுபடுகின்றன, ஆண்டுக்கு ஆண்டு திருத்தப்படுகின்றன. அபுதாபியின் மராவா போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும், ஃபுஜைராவின் பாதுகாக்கப்பட்ட பவளப்பாறைகளிலும் ஈட்டிக்கு இடமே இல்லை. சாஃபி என்று இங்கே அழைக்கப்படும் ஓராவுக்கும், ஷாரி என்ற விளமீனுக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள் இனப்பெருக்கக் காலம், பிடிக்கவும் விற்கவும் தடை. ஓமானில் ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை வஞ்சிரத்துக்குத் தடை. உள்ளூர் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் நேரில் விசாரித்து, அந்த கன், அந்த அனுமதி, அந்தக் கடல் மூன்றும் பொருந்துகின்றனவா என்று உறுதிசெய்துகொண்ட பிறகு பணம் கொடுங்கள்.

வலைக்கும் தூண்டிலுக்கும் இல்லாத ஒரு வாய்ப்பு ஈட்டிக்கு உண்டு. எந்த மீனைக் கொல்லப் போகிறோம் என்பதைக் கொல்வதற்கு முன்பே பார்க்கிறோம். ஹமூர் என்று துபாயின் தேரா சந்தையில் கேட்டு வாங்கும் களவாவை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு வரும் மீன் இது. பிறக்கும்போது பெண். பல ஆண்டு வளர்ந்து, முட்டையிட்டு, பிறகு சில மட்டும் ஆணாக மாறுகின்றன. ஆகவே ஒரு பாறையில் இருக்கும் மிகப் பெரிய களவா பெரும்பாலும் ஆண். எல்லோரும் பெரியதையே குறிவைத்தால் அந்தப் பாறையில் பெண்கள் மட்டும் மிஞ்சும். சின்னதைச் சுட்டால் அது ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. அமீரகம் களவாவுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 45 சென்டிமீட்டர். அதற்கு மேல், ஆனால் பாறையின் மூத்த மீனைத் தவிர்த்து, நடுவில் இருப்பதை எடுப்பதே நியாயம் என்பது என் எண்ணம். அதற்கு நிதானமாகப் பார்க்க நேரம் வேண்டும், நெருங்க வேண்டும். 90 சென்டிமீட்டர் கன்னும் ஒற்றைப் பட்டையும் அந்த நெருக்கத்தை உங்களிடம் கேட்டு வாங்கிவிடும்.

பார்க்கும்போது முகமூடிக் கண்ணாடியை மறக்க வேண்டாம். தூரத்தைக் குறைத்துக் காட்டும் அதே ஒளிவிலகல் அளவைப் பெரிதாக்கியும் காட்டும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு 45 சென்டிமீட்டர்போலத் தெரியும் களவா உண்மையில் 34 சென்டிமீட்டர்தான் இருக்கும். சட்டப்படி சுடத் தகுந்த மீன், கண்ணாடிக்குள் 60 சென்டிமீட்டர்போலத் தெரிய வேண்டும்.